பெரிய ஃப்ரேம் எட்டுத் தோட்டா .357 மேக்னம் ரிவால்வர்: வைத்திருப்பவனின் பதில்

பெரிய ஃப்ரேமில் (ஃப்ரேம் என்றால் ரிவால்வரின் உடற்சட்டம்) வரும் எட்டுத் தோட்டா .357 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்க நினைக்கிறேன், கூடுதலாகக் கிடைக்கும் இரண்டு தோட்டாவுக்காக இவ்வளவு கனத்தைச் சுமப்பது தகுமா, வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னிடம் ஒன்று ஒன்பது வருடமாக இருக்கிறது. கூடச் சுடும் நண்பர்களின் வேறு தயாரிப்புகளையும் நிறையச் சுட்டுப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அவசரத்தில் இருந்தால் இதை மட்டும் படியுங்கள்: இரண்டு தோட்டா அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்காதீர்கள். மேக்னம் தோட்டாவையே மணிக்கணக்கில் சுட்டாலும் கை நோகாத ஒரு ரிவால்வர் வேண்டும், அதை ஒழுங்காகத் துடைத்து வைக்கும் பொறுமையும் உங்களுக்கு உண்டு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

முதலில் இந்தக் கனம் ஏன் என்று புரிந்துகொள்ள வேண்டும். .357 மேக்னத்துக்குப் பெரிய ஃப்ரேம்தான் பிறந்த வீடு. 1935இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் இந்தத் தோட்டாவுக்கு முதல் ரிவால்வரைச் செய்தபோது, .44 ஸ்பெஷல் என்ற பெரிய தோட்டாவுக்கென்று ஏற்கெனவே இருந்த பெரிய ஃப்ரேமை எடுத்துத்தான் செய்தது. இன்று ‘என்’ ஃப்ரேம் என்று சொல்கிறோமே, அதுதான். பின்னால் 1955இல் இதைச் சுமக்கச் சுலபமான ‘கே’ ஃப்ரேமுக்குக் கொண்டுபோனார்கள், மாடல் 19 வந்தது, போலீஸ்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தும் போனது. ஆனால் அந்த ஃப்ரேமில் பேரலின் பின்வாய்க்கு இடம் போதாமல் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவிவிட வேண்டியிருந்தது. 125 கிரெய்ன் (சுமார் எட்டு கிராம்) எடைக் குண்டுள்ள வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்ட துப்பாக்கிகளில் சரியாக அந்தச் சீவிய இடத்தில்தான் விரிசல் விட்டது. அதற்குப் பதிலாகத்தான் 1980களின் தொடக்கத்தில் இடைப்பட்ட ‘எல்’ ஃப்ரேம் வந்தது. பெரிய ஃப்ரேமில் இந்தக் கவலையே கிடையாது. பேரலின் பின்வாயைச் சுற்றி இரும்பு தாராளமாக இருக்கிறது, எந்த .357 மேக்னம் தோட்டாவையும் யோசிக்காமல் போடலாம்.

இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். பழைய ஆறு தோட்டா ‘என்’ ஃப்ரேம் சிலிண்டரை, அதாவது தோட்டாக்களோடு சுழலும் உருளையை, கையில் எடுத்துப் பார்த்தால், தோட்டா உட்காரும் அறைக்கும் அறைக்கும் நடுவில் அவ்வளவு இரும்பு சும்மா கிடக்கும். இன்னும் இரண்டு அறை போட அங்கே இடம் இருந்தது. ஆனாலும் ஸ்மித் அண்ட் வெசன் எட்டு அறையோடு மாடல் 627ஐக் கொண்டுவரக் கிட்டத்தட்ட அறுபது வருடம் ஆயிற்று, 1990களின் பிற்பகுதியில்தான் வந்தது. பிரேசிலின் டாரஸும் அதே பத்தாண்டில் 608ஐக் கொண்டுவந்தது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான ரூகர் தன் ரெட்ஹாக் மாடலில் எட்டுத் தோட்டா .357 கொடுத்தது அதற்கும் ரொம்பப் பிறகு.

இப்போது கனம். நாலு, ஐந்து அங்குலப் பேரலோடு முழு எஃகில் வரும் இந்த வகை ரிவால்வர்கள் காலியாகவே ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் நிற்கும். மேக்னம் தோட்டா ஒன்று சுமார் 16 கிராம், எட்டு போட்டால் இன்னும் 125 கிராம் சேரும். படிக்கும்போது பெரிதாகத் தெரியாது, கையை நீட்டி இரண்டு நிமிடம் குறி பார்த்துக்கொண்டு நின்றால் தோள் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கனம்தான் இங்கே உங்கள் நண்பன். 158 கிரெய்ன், அதாவது பத்து கிராமுக்குச் சற்று மேலான குண்டு, வினாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது; பழைய .38 ஸ்பெஷல் தோட்டாவில் அதே எடைக் குண்டு 230 மீட்டரைச் சுற்றித்தான் போகும். ஆற்றலில் பார்த்தால் இரண்டரை மடங்கு வித்தியாசம். சின்ன ஃப்ரேம் ரிவால்வரில் இந்த மேக்னத்தைச் சுட்டால் உள்ளங்கையில் பிரம்பால் அடித்த மாதிரி இருக்கும், ஐந்து சுட்டதும் அடுத்து ஏற்ற மனம் வராது. பெரிய ஃப்ரேமில் அதே தோட்டா ஒரு பலமான தள்ளு, அவ்வளவுதான். வாய் மேலே எழும்பும், அப்புறம் தானாக இறங்கிக் குறிக்கு வரும். நான் ஒரு காலை நேரத்தில் நூறு மேக்னம் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய் சாதாரணமாகப் பேனா பிடித்து எழுதியிருக்கிறேன், சின்ன ஃப்ரேமில் அது நடக்காது. பயிற்சி என்பது எண்ணிக்கையில் இருக்கிறது. வலிக்கிற துப்பாக்கியை யாரும் அதிகம் சுடுவதில்லை, சுடாதவருக்குக் குறி படிவதும் இல்லை.

எட்டு அறை என்பதன் உண்மையான லாபம் என்று நான் நினைப்பது வேறு ஒன்று, அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறு தோட்டா சிலிண்டர் ஒவ்வொரு முறையும் 60 பாகை திரும்ப வேண்டும், எட்டு தோட்டா 45 பாகை திரும்பினால் போதும். தவிர, இரண்டு துளை கூடுதலாகப் போட்டதால் அதே அளவு சிலிண்டரின் எடையும் குறைகிறது. எடை குறைந்த சிலிண்டர், குறைந்த தூரம் திரும்புகிறது. வேகமாக டபுள் ஆக்‌ஷனில் (ஹேமர் என்ற சுத்தியைக் கையால் இழுக்காமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்து) சுடும்போது சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் அந்தச் சின்னப் பூட்டுத் துண்டு வாங்குகிற அடி குறைகிறது, ட்ரிக்கர் இழுப்பும் சீராகத் தெரிகிறது. 1999இல் அமெரிக்காவின் வேகச் சுடுநர் ஜெர்ரி மிகுலெக் எட்டுத் தோட்டா ரிவால்வரில் ஒரே வினாடியில் எட்டையும் ஒரே குறியில் சுட்டது இந்த வகைத் துப்பாக்கியில்தான். அவர் விரல் நமக்கு இல்லை, ஆனால் துப்பாக்கி அந்த வேகத்தைத் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரி, இனி தொல்லைகள்.

வாங்கி மூன்றாவது முறையோ நாலாவது முறையோ ரேஞ்சுக்குப் போயிருந்தேன். ஐந்து சிலிண்டர் நன்றாகப் போயிற்று, ஆறாவதில் இரண்டு சுட்டதும் ட்ரிக்கர் பாதியில் நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை, விட்டால் திரும்புகிறது, மறுபடி இழுத்தால் அதே இடத்தில் கல்லாக நிற்கிறது. சிலிண்டரைத் திறக்கவும் பலமாகத் தள்ள வேண்டியிருந்தது. ஏதோ உள்ளே உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார், எதுவும் பேசவில்லை, தோட்டாக்களை எடுத்துவிட்டு காலிக் கேஸ்களை (சுட்டபின் மிஞ்சும் தோட்டாக் கூடுகளை) வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் தண்டை அழுத்திப் பிடித்து, அதன் தலையிலுள்ள நட்சத்திரத் தகட்டின் அடியில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தார். எரியாத வெடிமருந்துத் துகள்கள், கடுகில் கால்வாசி இருக்கும், மஞ்சளும் கறுப்புமாக ஒரு ஏழெட்டு உதிர்ந்தன. மறுபடி மூடிச் சுட்டால் புதிது போல ஓடுகிறது.

நடந்தது இதுதான். அந்த நட்சத்திரத் தகடு சிலிண்டரில் அதன் பள்ளத்துக்குள் முழுதாக உட்கார வேண்டும். அடியில் ஒரு துகள் சிக்கினாலும் தகடு மயிரிழை மேலே நிற்கும், அதன் மேல் உட்காரும் தோட்டாவின் பின்பக்கமும் ஃப்ரேமில் உரசும். ஆறு தோட்டாவிலும் இது நடக்கும். எட்டில் இன்னும் சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் ஒரு சுற்றுக்கு எட்டுக் கேஸ் கழற்றுகிறோம், துகள் விழவும் எட்டு வாய்ப்பு. அன்றைக்குப் பழகிய பழக்கம் இன்றுவரை மாறவில்லை: காலிக் கேஸ்களை வெளியே தள்ளும்போது துப்பாக்கியின் வாய் வானத்தைப் பார்க்க வேண்டும், தண்டை ஒரே அடியில் முழுதாக அடிக்க வேண்டும். அப்போது துகளும் கேஸோடு சேர்ந்து கீழே போய்விடும். வாய் தரையைப் பார்த்தபடி மெதுவாகத் தள்ளினால் அத்தனையும் நட்சத்திரத்தின் அடியில்தான் போய் உட்காரும். இது தெரியாமல் துப்பாக்கியே கோளாறு என்று விற்றுவிட்டவர்களை எனக்குத் தெரியும், மனசு கஷ்டமாக இருக்கிறது.

இன்னொரு அழுக்கும் உண்டு. .38 ஸ்பெஷலும் இதில் சுடலாம், குண்டின் விட்டம் ஒன்றுதான், மேக்னம் கேஸ் மட்டும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளம். அந்த நீளம் வேண்டுமென்றே வைத்தது, மேக்னம் தோட்டா பழைய .38இல் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் நிறைய .38 சுட்டால், கேஸின் வாய் முடிகிற இடத்தில் அறைக்குள் கரி ஒரு வளையமாகப் படியும். பிறகு மேக்னம் போட்டால் அந்த வளையத்தில் தட்டி முழுதாக இறங்காது, இறங்கினாலும் சுட்டபின் கேஸ் இறுகிக்கொண்டு வராது. எட்டுக் கேஸ் ஒரே நேரத்தில் இறுகினால் தண்டை உள்ளங்கையால் குத்த வேண்டி வரும். தீர்வு ஒன்றுதான், .38 சுட்ட அன்றே பித்தளைக் கம்பி பிரஷ்ஷை ஒவ்வோர் அறையிலும் பத்துத் தடவை விட்டு எடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வளையம் கெட்டித்துவிடும்.

டைமிங் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், எட்டு அறையில் இது ஆறைவிட நுணுக்கம். ஹேமர் விழும் கணத்தில் அறை பேரலுக்கு நேராகப் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டு பேரல் வாயின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போகும், ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படும். என் முதல் எட்டுத் தோட்டா ரிவால்வர், தயாரித்தவர் பெயர் வேண்டாம், புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்ததே இரண்டு அறையில் பூட்டாமல் வந்தது. வேகமாக இழுத்தால் சிலிண்டர் ஓடிய வேகத்திலேயே பூட்டிக்கொள்ளும், அதனால் கடையில் கவனிக்கவில்லை, மெதுவாக இழுத்தபோதுதான் தெரிந்தது. திருப்பி அனுப்பிச் சரிசெய்து வர ஏழு வாரம் ஆயிற்று. இப்போது யார் வாங்கப் போனாலும் நான் கூடப் போய்ப் பார்ப்பது இப்படித்தான். துப்பாக்கி காலி என்பதை இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சுட்டு முடிந்த காலிக் கேஸ் எட்டையும் அறைகளில் போடுங்கள், ஏனென்றால் வெறும் அறையாக இருந்தால் சில துப்பாக்கிகளில் நட்சத்திரத் தகடு லேசாக ஆடும், சோதனை தப்பாகக் காட்டும். பிறகு இடது கை விரலைச் சிலிண்டர் மேல் மிருதுவாக வைத்து இலேசாகத் தடை கொடுத்தபடி, வலது கட்டைவிரலால் ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் நிற்கும்போது, அல்லது அதற்கு முன்பே, ‘டிக்’ என்று சிலிண்டர் பூட்ட வேண்டும். எட்டு அறைக்கும் செய்யுங்கள், பிறகு டபுள் ஆக்‌ஷனில் மெதுவாக இழுத்து இன்னும் எட்டு. ஒரே ஓர் அறை பூட்டாவிட்டாலும் அந்தத் துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள்.

கூடவே சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் சூட்டிலும் கரியிலும் உரச ஆரம்பிக்கும், ரொம்ப அதிகமானால் வேகமும் போகும், தெறிப்பும் கூடும். அந்த இடைவெளியிலிருந்து வெளியே வரும் வாயு சாதாரணம் இல்லை. மேக்னத்தில் அது கத்தி மாதிரி. ஆட்டோமேட்டிக் பிஸ்டல் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிப்பார்கள், இதில் அந்தப் பிடி கூடவே கூடாது. இரண்டு கட்டைவிரலும் சிலிண்டருக்குப் பின்னால், ஒன்றன்மேல் ஒன்று. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

சத்தமும் அப்படித்தான், 160 டெசிபலைத் தாண்டும். காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி, இரண்டும் போடுங்கள். பேரலில் மேல்பக்கம் துளை போட்ட மாடல்கள் உண்டு, டாரஸ் 608இல் அப்படி வரும், வாய் எழும்புவதை அது உண்மையிலேயே குறைக்கிறது, ஆனால் சத்தமும் மேலே வரும் தீயும் கூடும். உறையில்லாத ஈயக் குண்டு சுட்டால் அந்தத் துளைகளில் ஈயம் அடைவதையும் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குத் துளை இல்லாததே பிடிக்கும்.

மூன் கிளிப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எட்டுத் தோட்டாவையும் ஒன்றாகக் கவ்விப் பிடிக்கும் மெல்லிய எஃகுத் தகடு அது. 627, ரெட்ஹாக் இரண்டின் சிலிண்டரும் அதற்கென்று வெட்டித்தான் வருகின்றன, கிளிப் இல்லாமலும் சுடலாம். எட்டும் ஒரே போடாக உள்ளே போகும், ஒரே அடியில் வெளியே வரும், ஒரு கேஸ் கூடச் சிதறாது, அவ்வளவு சுகம். ஆனால் கிளிப் லேசாக வளைந்தாலும் சிலிண்டர் திரும்பக் கஷ்டப்படும், கண்ணுக்குத் தெரியாத வளைவே போதும். வெற்றுக் கிளிப்பைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள், ஆடினால் தூர எறியுங்கள். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கேஸ் பள்ளம் வெவ்வேறு அளவு என்பதால் ஒன்றில் இறுக்கமாக நிற்கும் கிளிப் இன்னொன்றில் தளதளவென்று தொங்கும், ஒரே தயாரிப்பில் நிலைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் யூஎஸ்பிஎஸ்ஏ என்ற சுடும் சங்கத்தின் போட்டியில் ரிவால்வர் பிரிவுக்கு 2014இல் எட்டுத் தோட்டாவை அனுமதித்த பிறகு இந்த வகைத் துப்பாக்கிக்கே புது வாழ்வு வந்தது. அங்கே பலர் .38 ஷார்ட் கோல்ட் என்ற குட்டைக் கேஸைக் கிளிப்பில் மாட்டிச் சுடுகிறார்கள், நீளம் குறைவு என்பதால் அறைக்குள் சட்டென்று விழும், சட்டென்று வெளியே வரும்.

ட்ரிக்கரை இலகுவாக்க ஸ்பிரிங் மாற்றலாமா என்றால், அவசரப்படாதீர்கள் என்பேன். நானும் மாற்றினேன். இழுப்பு வெண்ணெய் மாதிரி ஆயிற்று, ஆனால் கடினமான பிரைமர் (ஹேமர் அடித்ததும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் மூடி) உள்ள தோட்டாக்களில் எட்டுக்கு ஒன்று வெடிக்கவில்லை, பழைய ஸ்பிரிங்கையே திருப்பிப் போட்டுவிட்டேன். ரெட்ஹாக்கில் ஹேமருக்கும் ட்ரிக்கருக்கும் ஒரே ஸ்பிரிங், ஒன்றை இலகுவாக்கினால் இன்னொன்றும் தளரும், அதனால் அங்கே இன்னும் கவனம். தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகும் டிரை ஃபயரை இரண்டாயிரம் தடவை செய்யுங்கள், இழுப்பும் மழமழப்பாகும், உங்கள் விரலும் பழகும்.

கை சிறியது என்றால் ஒன்றைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். துப்பாக்கியைச் சுடுவது போல நேராகப் பிடித்து, டபுள் ஆக்‌ஷனில் நிற்கும் ட்ரிக்கரில் விரலின் முதல் மூட்டுவரை வைக்க முடிகிறதா என்று பாருங்கள். நுனி மட்டும் எட்டினால் ஒவ்வோர் இழுப்பிலும் துப்பாக்கி பக்கவாட்டில் நகரும், எவ்வளவு பழகினாலும் அது போகாது. மெல்லிய கிரிப் போட்டால் சிலருக்குச் சரியாகும். அப்படியும் எட்டாவிட்டால் ஸ்மித் அண்ட் வெசனின் 686 ப்ளஸ் போன்ற ‘எல்’ ஃப்ரேம் ஏழு தோட்டா எடுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஏழு என்ற ஒற்றை எண்ணில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது: மேலே ஓர் அறை நேராக நிற்கும்போது நேர் கீழே, பூட்டு விழும் இடத்தில், அறை இருக்காது, இரண்டு அறைக்கு நடுவிலுள்ள இரும்புதான் இருக்கும். அதனால் பூட்டுப் பள்ளத்தைக் கனமான இடத்தில் வெட்ட முடிகிறது. எட்டிலும் ஆறிலும் நேர் கீழே இன்னோர் அறை வந்துவிடும்.

இடுப்பில் கட்டிக்கொண்டு அலையலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம். சிலிண்டரே நாற்பத்து மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலம், உட்கார்ந்தால் இடுப்பெலும்பில் குத்தும், தடித்த பெல்ட் இல்லாமல் கால்சட்டை இறங்கும். காட்டுப் பக்கம் போகும்போது மார்புக்குக் குறுக்கே கட்டும் உறையில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன், அது பரவாயில்லை, கனம் தோளில் பரவிவிடுகிறது. இலேசான உலோக ஃப்ரேமில் ஒரு கிலோ அளவில் எட்டுத் தோட்டா மாடல்கள் வருகின்றன, ஆனால் முழு மேக்னம் சுட்டால் அந்தத் தள்ளு மறுபடி அடியாக மாறிவிடும்.

உங்கள் கடிதத்தில் பழையது ஒன்று விலைக்கு வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். போகும்போது காலிக் கேஸ் எட்டும், இடைவெளி பார்க்க ஒரு ஃபீலர் கேஜும், ஒரு சின்ன டார்ச்சும் எடுத்துப் போங்கள். பேரலுக்கு மேலே ஃப்ரேமின் உள்பக்கத்தில் மெல்லிய கோடாக அரித்திருந்தால் பயப்பட வேண்டாம், மேக்னம் நிறையச் சுட்டது என்று அர்த்தம், ஓர் அளவோடு அது நின்றுவிடும். சிலிண்டர் மூடியிருக்கும்போது முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நகர்ந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். அறைகளுக்குள் டார்ச் அடித்து அந்தக் கரி வளையம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று பாருங்கள், முன்னால் வைத்திருந்தவர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.